எது வலியது என்று கேளாதீர்கள்; எப்படி உடையும் என்று கேளுங்கள்

நம் பொறியியல் துறைகளில் நெடுநாளாக ஊறிப்போன ஒரு பழக்கத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. சற்று நீண்ட பதிவு. பொருளறிவியலும் இயந்திர வடிவமைப்பும் பயில்வோர், கற்பிப்போர் ஆகியோரை மனத்தில் கொண்டு எழுதுகிறேன்.

இறுதியாண்டு மாணவர்களின் திட்ட அறிக்கைகளில் 'பொருள் தேர்வு' என்றோர் அத்தியாயம் இருக்கும். வார்ப்பிரும்பு வகைகள் ஓர் அட்டவணையில் வரிசையாக நிற்கும். இழுவலிமை, நீட்சி, கடினத்தன்மை, விலை என நான்கு பத்திகள். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இட்டுக் கூட்டினால், ஏறத்தாழ எல்லா அறிக்கைகளிலும் எஸ்.ஜி. அயர்ன் வென்றுவிடும். சாம்பல் வார்ப்பிரும்பு ஏழை உறவினனைப் போல் அட்டவணையின் அடியில் நிற்கும். இயந்திர அடித்தளமா, பிரேக் தட்டா, பம்ப்பின் உறையா, சாலையில் பதிக்கும் மூடியா என்ற வேறுபாடு அந்தக் கூட்டலில் எங்கும் தலைகாட்டுவதில்லை.

இது தேர்வன்று, தரவரிசை என்பது என் வாதம். வார்ப்பிரும்பைத் தேர்ந்தெடுக்க முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'எது வலியது?' என்பதன்று. 'இந்த உறுப்பு தோற்கும்போது எப்படித் தோற்கும்? அப்போது அதன் மேலோ கீழோ நிற்பவர் யார்?' என்பதே. இதை விளக்க நம் மும்பையின் தெருவிலேயே கிடக்கும் ஓர் எளிய உறுப்பை எடுத்துக்கொள்கிறேன்: பாதாளச் சாக்கடையின் மேன்ஹோல் மூடி.

முதலில் குடும்பத்தை அறிமுகம் செய்துவிடுகிறேன். சாம்பல் வார்ப்பிரும்பும் எஸ்.ஜி. அயர்னும் வெவ்வேறு உலோகங்கள் அல்ல. இரண்டிலும் இரும்பு, ஏறத்தாழ மூன்று முதல் நான்கு விழுக்காடு கார்பன், அதோடு சிலிக்கான் உண்டு. வேறுபடுவது கார்பன் கிராஃபைட்டாக ஒதுங்கும் வடிவம். சாம்பல் இரும்பில் அது செதில் செதிலாக ஒதுங்குகிறது. ஒவ்வொரு செதிலின் கூர்முனையும் ஏற்கெனவே இட்டுவைத்த சிறு விரிசலைப் போன்றது. இழுத்தால் தகைவு அம்முனையில் குவிகிறது. எஸ்.ஜி. அயர்னில், அதாவது டக்டைல் இரும்பில், அதே கிராஃபைட் உருண்டையாக ஒதுங்குகிறது. உருண்டைக்குக் கூர்முனை இல்லை. கார்பன் கிராஃபைட்டாக ஒதுங்காமல் இரும்போடு சேர்ந்து சிமென்டைட்டாக நின்றுவிட்டால் அது வெள்ளை வார்ப்பிரும்பு: தேயாது, ஆனால் கண்ணாடிபோல் நொறுங்கும். அந்த வெள்ளை இரும்பையே நெடுநேரம் சூட்டில் வைத்துப் பதப்படுத்தினால் மாலியபிள் இரும்பு. செதிலுக்கும் உருண்டைக்கும் இடைப்பட்ட புழு வடிவ கிராஃபைட் கொண்ட வகை இன்று டீசல் எஞ்சின் பிளாக்குகளில் இடம்பிடித்திருக்கிறது.

உருண்டைக் கிராஃபைட்டின் வரலாறு மிக அண்மையது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் குரோமியத் தட்டுப்பாட்டுக்கு மாற்றுத் தேடிய கீத் மில்லிஸ் என்பவர், இன்டர்நேஷனல் நிக்கல் நிறுவனத்தின் ஆய்வகத்தில், 1943-இல் உருகிய இரும்பில் மக்னீசியத்தைச் சேர்த்துப் பார்த்தார். 1948-இல் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டு, 1949-இல் காப்புரிமை பெற்றது அந்த முறை. அதே காலத்தில் பிரிட்டனில் ஹென்டன் மாரோ சீரியத்தைக் கொண்டு அதே விளைவை எட்டியிருந்தார். அதாவது நாம் 'நவீனம்' என்று வியக்கும் இந்த இரும்பு இந்தியக் குடியரசைவிட ஓரிரு ஆண்டுகளே மூத்தது. சாம்பல் இரும்புக்கோ பல நூற்றாண்டு அனுபவம் உண்டு. அந்த அனுபவத்தை அட்டவணையின் அடியில் தள்ளுவதற்கு முன் சில உண்மைகளை எண்ணிப்பார்க்க வேண்டும்.

சாம்பல் இரும்பின் அமுக்க வலிமை அதன் இழுவலிமையைப்போல் மூன்று, நான்கு மடங்கு. காலா கோடாவில் இன்றும் நிற்கும் வாட்சன் ஹோட்டல் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் வார்ப்பிரும்புச் சட்டகம் 1860-களில் இங்கிலாந்தில் வார்க்கப்பட்டுக் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டது. தூணாக நின்று சுமை தாங்குவது அவ்விரும்புக்கு இயல்பான வேலை. அதே இரும்பை வளையும் உத்தரமாகப் பயன்படுத்தியபோது நேர்ந்தது வேறு. 1847 மே மாதத்தில் இங்கிலாந்தின் செஸ்டர் நகருக்கருகே டீ ஆற்றின் மேல் ராபர்ட் ஸ்டீவன்சன் வடிவமைத்த ரயில் பாலத்தின் வார்ப்பிரும்பு உத்தரம் முறிந்து ஐவர் மாண்டனர். இரும்பில் குற்றமில்லை, அதனிடம் கேட்ட வேலையில் குற்றம்.

மாட்டுங்காவில் 1915 முதல் இயங்கும் ரயில்பெட்டிப் பணிமனையை இன்னொரு சான்றாகச் சொல்லலாம். இந்திய ரயில்பெட்டிகளின் சக்கரங்களைப் பல பத்தாண்டுகள் நிறுத்தியவை வார்ப்பிரும்பு பிரேக் கட்டைகளே. தான் தேய்ந்து சக்கரத்தைக் காப்பதும், உராய்வின் சூட்டை விரைவாக வாங்கிக் கடத்துவதும் அவற்றின் பணி. செதில் கிராஃபைட் வெப்பத்தைக் கடத்தும் பாதை போன்றது. உருண்டைக் கிராஃபைட்டில் அந்தப் பாதை துண்டு துண்டாகிவிடுகிறது. ஆகவே வெப்பக் கடத்தலில் சாம்பல் இரும்பு எஸ்.ஜி. அயர்னைத் தெளிவாக விஞ்சுகிறது. அதிர்வைத் தணிப்பதிலும் அப்படியே. கடைசல் இயந்திரத்தின் அடித்தளத்தை எஸ்.ஜி. அயர்னில் வார்ப்பவர் கூடுதல் விலை கொடுத்துக் கூடுதல் நடுக்கத்தை வாங்குகிறார்.

நம் வீட்டுச் சமையலறையிலும் இதே பாடம் உண்டு. மாட்டுங்கா சந்தையில் வாங்கும் வார்ப்பிரும்புத் தோசைக்கல் சூட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகத் தோசை சுட்டுத் தருகிறது. காய்ந்த கல்லில் குளிர்ந்த நீரைக் கொட்டினாலோ கல் கைதவறித் தரையில் விழுந்தாலோ ஓசையின்றி ஒரு கோடு விழுந்து முடிந்துவிடும். மராத்தியர் இதே இரும்பை 'பீட்' என்பர். அவர்கள் வீட்டுத் தவாவுக்கும் இதே கதிதான். தோசைக்கல் உடைந்தால் நட்டம் ஒரு கல். அடுப்பங்கரையில் அந்த நொறுங்கும் தன்மையை நாம் ஏற்றுக்கொள்கிறோம்; ஏற்றுக்கொள்ளத் தகும்.

இப்போது அதே இரும்பைத் தெருவுக்குக் கொண்டுவருவோம். மேன்ஹோல் மூடி விளிம்பில் தாங்கப்பட்ட ஒரு தட்டு. லாரியின் சக்கரம் மேலே ஏறும்போது மேற்பரப்பு அமுங்குகிறது, அடிப்பரப்பு இழுபடுகிறது. சாம்பல் இரும்பின் பலவீனம் எதுவோ அதையே அந்த அடிப்பரப்பு எதிர்கொள்கிறது. அதனுடன் மோதலும் சேர்கிறது: சட்டத்தில் சரியாக அமராத மூடி ஒவ்வொரு சக்கரத்துக்கும் எழும்பி விழுகிறது. சாம்பல் இரும்பு இழுபட்டால் ஒரு விழுக்காடுகூட நீளாமல் முறிந்துவிடும். எனவே அது முன்னறிவிப்புத் தருவதில்லை. நேற்றுவரை மூடியாக இருந்தது இன்று இரண்டு துண்டு, கீழே குழி. எஸ்.ஜி. 500/7 என்ற தரத்தில் கடைசியில் நிற்கும் 7 என்பது நீட்சி விழுக்காடு. மூடியைப் பொறுத்தவரை அந்த ஏழுதான் முன்னே நிற்கும் ஐந்நூறைவிட முக்கியம். அதிகச் சுமை ஏறினால் மூடி முதலில் வளைந்து தன் துன்பத்தைச் சொல்லும். பார்ப்பவர் புகார் கொடுக்கவும் ஊழியர் மாற்றவும் காலம் கிடைக்கும். அந்த எண்ணை வெறும் உலோகவியல் அளவாக மட்டும் நான் பார்ப்பதில்லை. பாதசாரிக்குக் கிடைக்கும் அவகாசம் அது.

சுமைத் தரங்கள் நம்மிடம் இல்லாமலில்லை. ஐ.எஸ். 1726 வார்ப்பிரும்பு மூடிகளை 2.5, 10, 20, 35 டன் என வகைப்படுத்துகிறது. ஐரோப்பிய இ.என். 124 தரம் நடைபாதைக்கு ஒன்று, வண்டிச்சாலைக்கு ஒன்று என இடத்தைக் கொண்டே வகுக்கிறது. வண்டிச்சாலைக்கான டி 400 வகை 400 கிலோநியூட்டன் தாங்க வேண்டும். ஆனால் சுமைச் சோதனையில் தேறிய இரண்டு மூடிகள் ஒன்றுக்கொன்று சமம் என்று எண்ணுவது பிழை. எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் சோதனை சொல்கிறது. அந்த எல்லையைக் கடந்தபின் என்ன நடக்கும் என்பதை இரும்பின் வகை சொல்கிறது.

ஒரு சிறு கணக்கு. மாணவர்கள் தாமே சரிபார்க்கலாம். தட்டையான தட்டின் வளைவு வலிமை, பொருளின் வலிமையையும் தடிமனின் இருமடியையும் பொறுத்தது. எஃப்.ஜி. 200-இன் குறைந்தபட்ச இழுவலிமை 200 மெகாபாஸ்கல், எஸ்.ஜி. 500/7-க்கு 500. விகிதம் 2.5. அப்படியானால் அதே சுமையைத் தாங்கத் தடிமனை 1.58-ஆல் வகுக்கலாம்; எடை ஏறத்தாழ 63 விழுக்காடாகக் குறையும். மேலும் ஒரு படி செல்வோம். விறைப்பு, மீட்சிக் குணகத்தையும் தடிமனின் மும்மடியையும் பொறுத்தது. எஸ்.ஜி. அயர்னின் குணகம் எஃப்.ஜி. 200-ஐப்போல் ஒன்றரை மடங்கு எனக் கொண்டாலும், மெலிந்த அந்த மூடி அதே சுமைக்கு இரண்டரை மடங்குக்கு மேல் தொய்யும். தொய்யும் மூடி சட்டத்தில் ஆடும், ஒலிக்கும், இருக்கையைத் தேய்க்கும். ஆகவே வலிமைக் கணக்கை மட்டும் பார்த்து மெலியவைப்பதும் தவறு; விலா எலும்புகள் போன்ற தாங்கிகளை அடியில் வைத்து விறைப்பை மீட்க வேண்டும். அட்டவணை மதிப்பெண்ணில் இவை எதுவும் தெரிவதில்லை.

அடுத்து, பாடநூல்களில் பத்தியே இல்லாத ஒரு பண்பு: திருடப்படும் தன்மை. மும்பையில் மேன்ஹோல் மூடிகள் காணாமற்போவது செய்தித்தாள் படிப்போர் அனைவரும் அறிந்தது. வார்ப்பிரும்புக்குப் பழைய இரும்புச் சந்தையில் விலை உண்டு. அதற்கு மேல் ஒரு நுட்பம்: சாம்பல் இரும்பு மூடியைச் சம்மட்டியால் நாலு போடு போட்டால் துண்டுகளாகிவிடும். துண்டான பின் அது எந்தத் தெருவின் மூடி என்று யாரும் சொல்ல முடியாது. எஸ்.ஜி. மூடியை அப்படி எளிதில் உடைக்க முடியாது. ஆனால் அது எடை குறைந்தது. தூக்கிச் செல்ல எளிது. இவ்விரண்டில் எது வெல்லும்? பூட்டும் கீலும் இருந்தால் எஸ்.ஜி. வெல்லும். சட்டத்தோடு கீல் கொண்டு பிணைத்து, வளைந்து கொடுக்கும் நாக்கால் பூட்டும் அமைப்பை மூடியோடு சேர்த்தே வார்க்க நீட்சியுள்ள இரும்பு வேண்டும். சாம்பல் இரும்பில் அந்த நாக்கு முதல் நாளே முறிந்துவிடும். அதாவது, நீட்சி என்ற ஒரே பண்பு முறிவுக்கும் திருட்டுக்கும் சேர்த்தே விடை தருகிறது. கீலும் பூட்டும் இல்லாமல் எஸ்.ஜி. மூடி வாங்குவது, அதற்குக் கொடுத்த விலையில் பாதியை வீணாக்குவது.

இங்கே தாராவியைக் குறிப்பிடாமல் போனால் நன்றாயிராது. தாராவியின் மறுசுழற்சிக் கூடங்களைத் திருட்டோடு சேர்த்துப் பேசும் சோம்பேறித்தனமான வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. திருடுபவன் வேறு, ஒரு பெருநகரத்தின் கழிவைப் பிரித்துப் பொருளாக்கித் தரும் தொழிலாளி வேறு. பழைய இரும்பு பிரிப்போர் நம் ஆய்வகம் செய்வதையே காதாலும் கண்ணாலும் செய்கிறார்கள். சுத்தியால் தட்டினால் எஸ்.ஜி. அயர்ன் மணிபோல் ஒலிக்கும். சாம்பல் இரும்பு மந்தமாக ஒலித்து உடனே அடங்கும். உடைந்த முகம் சாம்பல் நிறமா, வெள்ளியாக மின்னுகிறதா என்று பார்த்தாலே வகை தெரியும். அந்தப் பெயர்களே அப்படி வந்தவைதாம். மீயொலி வேகத்தை அளந்து கிராஃபைட்டின் வடிவத்தைக் கணிக்கும் கருவியை நாம் இலட்சக்கணக்கில் வாங்குகிறோம். அதன் தத்துவம் அந்தச் சுத்தியல் ஒலியிலேயே இருக்கிறது.

இனி எதிர்வாதங்கள். அவற்றை நான் ஒதுக்கவில்லை.

முதலாவது, விலை. எஸ்.ஜி. அயர்ன் கிலோவுக்கு அதிகம் என்பது உண்மை. ஆனால் மூடியைக் கிலோ கணக்கில் ஒப்பிடுவதே கோளாறு. மேலே சொன்ன கணக்கின்படி, வலிமையை மட்டும் கொண்டால், எஸ்.ஜி.-யின் கிலோ விலை சாம்பல் இரும்பின் விலையைப்போல் 1.58 மடங்கை எட்டும்வரை மூடியின் விலை ஒன்றுதான். விறைப்புக்காகச் சற்று எடை கூட்டினால் இந்த எல்லை கீழே இறங்கும். ஆயினும் கிலோ விலை காட்டும் அச்சம் பெரிதும் பொய்த்துப்போகும். வார்ப்படங்களை எடைக்கு விலை பேசும் நம் நாட்டு வழக்கம், அதிக இரும்பைக் கொட்டியவருக்குப் பரிசளிக்கிறது. ஒப்பந்தப்புள்ளி 'சுமை வகை, நீட்சி, பூட்டு ஆகியவற்றுடன் பதித்த மூடி ஒன்றின் விலை' என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது, தரம். இதுவே எனக்கு மிக வலுவான எதிர்வாதமாகப் படுகிறது. மக்னீசியம் கலந்த உருக்கின் ஆற்றல் நிமிடங்களில் மங்கும். கால் மணிநேரம் தாமதித்து ஊற்றினால் உருண்டைகள் சிதைந்து பழையபடி செதில்கள் தோன்றலாம். கந்தகம் மிகுந்த உருக்கு மக்னீசியத்தை விழுங்கிவிடும். கோக் எரியும் குபோலா உலையில் இச்சிக்கல் கூடுதல். மெல்லிய பகுதி விரைந்து குளிர்ந்தால் கார்பைடு தோன்றி நொறுங்கும் தன்மை வந்துவிடும். ஆக, எஸ்.ஜி. என்று பொறித்துவிட்டதால் மட்டும் மூடி எஸ்.ஜி. ஆகிவிடாது. பொய்யான எஸ்.ஜி., நேர்மையான சாம்பல் இரும்பைவிட ஆபத்தானது. மெலிந்த தடிமனும் நொறுங்கும் இயல்பும் அதில் ஒருசேர வந்துவிடுகின்றன. இதற்கு விடை சாம்பல் இரும்புக்குத் திரும்புவதன்று, சோதனை. ஒவ்வொரு உருக்குத் தொகுதியுடனும் தனிச் சோதனைக் கட்டி, அதன் நுண்படம், இழுவைச் சோதனை முடிவு ஆகியவற்றைக் கேட்டுப் பெறுவது. கோயம்புத்தூரிலும் கோலாப்பூரிலும் உள்ள பவுண்டரிகள் வாகன உறுப்புகளுக்கு இதை அன்றாடம் செய்து தருகின்றன. காரின் கிராங்க் தண்டுக்குக் கேட்பதைக் குடிமகன் மிதிக்கும் மூடிக்கு ஏன் கேட்கக்கூடாது?

மூன்றாவது, மாற்றுப் பொருள். இழைவலுவூட்டிய பிளாஸ்டிக் மூடிக்குப் பழைய இரும்புச் சந்தையில் விலை இல்லை. ஆகவே திருட்டு இல்லை என்பர். நியாயமே. நடைபாதையிலும் உட்தெருவிலும் அது நல்ல தேர்வாகலாம். ஆனால் மழைக்காலத்தில் நிரம்பி அழுத்தம் ஏறிய சாக்கடை, பூட்டில்லாத இலகுவான மூடியைத் தூக்கி எறியும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் 944 மில்லிமீட்டர் மழை பெய்த நகரம் இது. கிங்ஸ் சர்க்கிளிலும் சயனிலும் செம்பூரின் தாழ்வான தெருக்களிலும் முழங்கால் நீரில் நடக்கும்போது மூடி இருக்கிறதா என்று கால்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இங்கே எடையும் பூட்டும் வெறும் வசதிகள் அல்ல.

நான்காவது, எல்லாவற்றிலும் கடுமையானது. 2017 ஆகஸ்ட் 29 அன்று பெருமழையில் வீடு திரும்பிக்கொண்டிருந்த குடல்நோய் மருத்துவர் தீபக் அமராபூர்க்கர், எல்பின்ஸ்டன் ரோடு பகுதியில் திறந்திருந்த மேன்ஹோலில் விழுந்து உயிரிழந்தார். அந்த மூடி உடையவுமில்லை, திருடுபோகவுமில்லை. தேங்கிய நீர் வடியட்டும் என்று திறக்கப்பட்டிருந்தது. எந்த வகை வார்ப்பிரும்பும் அவரைக் காப்பாற்றியிருக்காது. அவரைக் காத்திருக்கக் கூடியது மூடிக்குக் கீழே ஒரு பாதுகாப்புக் கம்பிவலை. அந்த இறப்புக்குப் பிறகே மாநகராட்சி அத்தகைய வலைகளைப் பொருத்தத் தொடங்கியது. எல்லா மேன்ஹோல்களுக்கும் அது ஏன் இன்னும் இல்லை என்று 2022-இல் உயர் நீதிமன்றம் கேட்க வேண்டியிருந்தது.

இந்த நான்காவது வாதம் என் கருத்தைத் தகர்க்கிறதா? உறுதிப்படுத்துகிறது என்றே நினைக்கிறேன். 'எப்படித் தோற்கும்?' என்ற கேள்வியை நேர்மையாகக் கேட்டிருந்தால், உடைதல், திருடுபோதல், நீரால் தூக்கப்படுதல், மனிதரால் திறக்கப்படுதல் என்ற நான்கு வழிகளும் முதல் நாளே வரைபடத்தாளில் ஏறியிருக்கும். முதல் வழிக்கு நீட்சியுள்ள இரும்பு, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் கீலும் பூட்டும், நான்காவதுக்கு வலை. 'எது வலியது?' என்று மட்டும் கேட்பவருக்கு முதல் வழிகூட முழுதாகத் தெரியாது.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பொருள் தேர்வு அட்டவணையில் மேலும் நான்கு பத்திகளைச் சேருங்கள்: எப்படி முறியும், முறிந்தால் யாருக்கு ஆபத்து, யார் எந்த உலையில் வார்ப்பார்கள், பயன் முடிந்தபின் (அல்லது முடியும் முன்பே) எங்கே போகும். இந்தப் பத்திகளுக்கு எண் மதிப்பெண் இட முடியாது; வாதிடத்தான் முடியும். வாதிடக் கற்பதுதானே பொறியியல் கல்வி.

மாணவர்களுக்கு ஒரு யோசனை. 1923 முதல் மாட்டுங்காவில் இயங்கும் வி.ஜே.டி.ஐ.-யின் வாசலிலிருந்து தாராவிவரை ஒருமுறை கீழே பார்த்துக்கொண்டே நடந்து செல்லுங்கள். மூடிகளின் மேல் பொறித்துள்ள வகையையும் ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். எவை ஆடுகின்றன, எவற்றில் விரிசல், எங்கே மூடிக்குப் பதில் மரக்கிளை நட்டிருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். உடைந்த துண்டொன்று முறைப்படி கிடைத்தால் மெருகேற்றி நுண்ணோக்கியில் பாருங்கள். செதிலா, உருண்டையா என்று கண்ணால் கண்டபின் எழுதும் அத்தியாயம், இணையத்திலிருந்து எடுத்தொட்டிய அட்டவணையைவிட ஆயிரம் மடங்கு பெறுமதியுடையது. அதை வட்ட அலுவலகத்துக்கும் ஒரு படி அனுப்பிவையுங்கள்.

சாம்பல் இரும்பு தாழ்ந்ததன்று, எஸ்.ஜி. உயர்ந்ததுமன்று. இயந்திரத்துக்கு அடியில் அசையாமல் கிடக்கவும், சூட்டை வாங்கிக்கொள்ளவும், தூணாய் நிற்கவும் முன்னதைக் கூப்பிடுங்கள். மனிதர் தம் முழு எடையையும் நம்பிக்கையையும் வைத்து மிதிக்கும் இடத்தில், உடையுமுன் வளைந்து சொல்லும் இரும்பை வையுங்கள், வைத்ததைப் பூட்டுங்கள், பூட்டியதன் கீழே வலை கட்டுங்கள்.

மாற்றுக் கருத்துள்ளோர், குறிப்பாகப் பவுண்டரித் துறையிலும் மாநகராட்சிப் பணியிலும் அனுபவமுள்ளோர், கீழே எழுதுங்கள். விவாதிப்போம்.